சாட்சி ஐயா வீட்டுப் பெண்

ஏழாம் அத்தியாயம்

ஆசிரியை திரிபுரசுந்தரியின் கைப்பைக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருப்பதையும், அதைப் படித்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்துகொள்ளும் வாசகர்களுக்காக அந்தத் தாளைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வது மரியாதையாக இருக்கும்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி ஒன்றே முக்கால் ஆண்டு ஆகியிருந்தது. புதிய சர்க்காரில் ஆசிரியர் வேலை நிலைப்பதற்குப் பிறப்புச் சான்று வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். திரிபுரசுந்தரியும் ஊரார் 'மேரி' என்று அழைக்கும் நகரசபை அலுவலகத்துக்குப் போய்த் தன் பிறப்புப் பதிவின் நகலை வாங்கி வந்தாள். பிரெஞ்சில் எழுதிய ஒரே பக்கம். அவள் படித்த பிரெஞ்சுக்கு அது கடினமானதன்று.

1933ஆம் ஆண்டு நவம்பர் பதினான்காம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தந்தை நடராசன். தாய் சொர்ணாம்பாள். இதுவரை குற்றமில்லை. பிறந்த இடம் பூவம் கிராமம் என்று இருந்தது. வந்து அறிவித்தவர் குழந்தையின் பாட்டனார் தெட்சிணாமூர்த்தி. சாட்சிகள் மருதையன், கோவிந்தராசு என்று அவள் கேள்விப்பட்டிராத இரு பூவத்துக்காரர்கள்.

இந்த வீட்டு நடு அறையில்தான் நீ பிறந்தாய் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதானே வழக்கம், ஏன் இங்கே என்று சிறு வயதில் கேட்டபோது, "நண்டலாறு பெருகிடுச்சு, அக்கரைக்குப் போக முடியலை" என்று பதில் வந்தது. அம்மாவின் ஊர் தரங்கம்பாடி. அன்று அது பிரிட்டிஷ் எல்லை. நடுவில் எல்லையோரமாய் இருப்பது பூவம். அந்த ஊரில் அவர்களுக்கு உறவென்று ஓர் ஓலைக்குடிசைகூடக் கிடையாது.

இதைவிட அவளை உறுத்தியது வேறொன்று.

காலமான பெரியவர் தெட்சிணாமூர்த்தியை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'சாட்சி ஐயா' என்றே அழைத்தார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி குழந்தை பிறந்த மூன்று நாளைக்குள் மேரியில் பதிய வேண்டும். பதியும்போது கையெழுத்துப் போடத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். விழிதியூரிலிருந்து சேற்றுக் காலோடு வருகிற குடியானவனுக்கு அப்படிப்பட்ட இருவரை எங்கே தேடுவது? மேரிக்கு எதிரில் காகிதமும் மையும் விற்றுக்கொண்டிருந்த தெட்சிணாமூர்த்தி கடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவார். கடைக்குள் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். சாட்சி சொல்லப் போகும்போது மட்டும் அதை அணிவார். "ஒரு குழந்தையோட பேரு முதன்முதலா சர்க்கார் வாசல்ல ஏறுது. கூடப் போறவன் மேல்சட்டை இல்லாம போகலாமா?" என்பார். காப்பி வாங்கிக் கொடுத்தால்கூட மறுத்துவிடுவார். முப்பது ஆண்டுகளாக இதுவே அவர் செய்த அறம்.

ஊரில் பிறந்த குழந்தைக்கெல்லாம் சாட்சியாக நின்றவர், தன் வீட்டில் பிறந்த முதல் குழந்தைக்குத் தாமே அறிவிப்பவராக ஏன் போனார்? அறிவிப்பவர் சாட்சியாக இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததா? பெற்ற தகப்பன் எங்கே போயிருந்தார்?

நான் இந்த வீட்டில் பிறந்தவள்தானா? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கரை மணிக்கு வாசகசாலையில் சாட்சி ஐயாவின் படத்திறப்பு. 'பேத்தி' என்ற முறையில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவள்தான் எழுந்து நின்று படிக்க வேண்டும்.

*

காலையில் கூடத்தில் நடராசன் படச் சட்டத்தின் பின்புறம் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் எழுதிவைத்திருந்த மூன்று தாள்கள் கிடந்தன.

"படிச்சேம்மா," என்றார் தலை நிமிராமல். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு பக்கத்துல ஒரு இடத்துலகூடத் 'தாத்தா'ன்னு காணோமே. 'பெரியவர்', 'பெரியவர்'னே போகுது. பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதினாப்ல இருக்கு."

"சபையில படிக்கிறதாச்சேப்பா. அதான்."

"சபைன்னா தாத்தா பெரியவராயிடுவாரா?"

அவள் தாள்களை எடுத்து அடுக்கினாள். அந்தத் தாள்களை எழுதும்போது ஒவ்வொரு முறையும் 'எங்கள் தாத்தா' என்று எழுதத் தொடங்கிப் பேனா நின்றதை அவரிடம் எப்படிச் சொல்வது? தனக்கு உரிமையில்லாத நகையை இரவல் வாங்கி அணிவது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்பா, நான் பொறந்ததைப் பதிய மேரிக்கு நீங்கதானே போனீங்க?"

சுத்தியல் ஒரு கணம் காற்றில் நின்றது.

"ம்," என்றார் நடராசன்.

"நீங்களா?"

"காய்ச்சல்ல கெடந்தேன். அப்பாதான் போனாரு."

ஒரே மூச்சில் இரண்டு பதில்கள். வகுப்பில் ஒரு மாணவி இப்படிச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து சொல் என்பாள். தகப்பனாரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"எதுக்கு இப்போ?"

"ஸ்கூல்ல சான்று கேட்டாங்க. அதான்."

"வாங்கிட்டியா?"

"இல்லப்பா. இனிமேத்தான்."

பொய் சொல்லியாயிற்று. அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை அவள் கவனித்தாள். அந்த நிம்மதியைக் கண்ட பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

*

பகல் தொழுகை முடிந்து திரும்பிய ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் தம் வீட்டு வாசல் அறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். தோணிகளுக்குக் கயிறும் பாயும் விற்ற அவருடைய கடை, சாட்சி ஐயாவின் கடைக்கு அடுத்த கடை. மேரியில் இரண்டு சாட்சி வேண்டும் என்றால் முதல் கையெழுத்து தெட்சிணாமூர்த்தி. இரண்டாம் கையெழுத்து மரைக்காயர். ஊரில் பாதிப் பேருடைய பிறப்புத் தாளில் இந்த இரண்டு கையெழுத்தும் அண்ணன் தம்பி போல ஒட்டிக்கொண்டு இருக்கும்.

"வாம்மா வாத்தியாரம்மா. சாயங்காலம் நானும் பேசணுமாம். உங்கப்பன் வந்து சொல்லிட்டுப் போறான். நாப்பது வருசம் தெச்சணாகூடப் பேசினவன்தான். அவனைப் பத்திப் பேசுன்னா நாக்கு ஒட்டிக்குது."

"நீங்க ரெண்டு பேரும் எத்தனை குழந்தைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீங்க தாத்தா?"

"எண்ணினவன் யாரு? ஒரு நாள் காலையிலயே ஆறு. அன்னைக்குத்தான் அந்த மேரி எழுத்தன் எங்களுக்கு நாற்காலி போட்டான். அதுவரைக்கும் நின்னுக்கிட்டே சாட்சி." கிழவர் சிரித்தார். "ஒருத்தன் புள்ளைக்குப் பேரே வைக்காம வந்து நிக்கிறான். எழுத்தன் கத்துறான். உன் தாத்தன் கோட்டுப் பித்தானை மாட்டிக்கிட்டே, 'இன்னைக்குச் சனிக்கிழமை, சனீஸ்வரன்னு வச்சுத் தொலைச்சிடப் போறான்யா, ரெண்டு நிமிசம் பொறு'ன்னு அவனை வெளியே அழைச்சிட்டுப் போயி, அவன் அப்பாரு பேரைக் கேட்டு வாங்கி எழுத வச்சான்."

"புள்ளை நிசமாவே அவங்களுக்குத்தான் பொறந்துச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டே. ஒரு புள்ளை பொறந்ததையும் நாங்க கண்ணால பாத்ததில்லைம்மா. அப்பன் மூஞ்சியைப் பாப்போம். தூக்கமில்லாம, சந்தோசத்துல என்ன பேசறோம்னே தெரியாம ஒரு மூஞ்சி இருக்குமே. அதைப் பாத்துத்தான் கையெழுத்து."

திரிபுரசுந்தரி கைப்பையைத் திறந்து அந்தத் தாளை அவரிடம் நீட்டினாள். மரைக்காயர் கையை நீட்டவில்லை.

"கண்ணாடி உள்ளே இருக்கும்மா," என்றார். கண்ணாடி அவருடைய நெற்றியின் மேலேயே இருந்தது.

"படிக்க வேண்டாம் தாத்தா. என்னோட பிறப்புத் தாள்தான். இதுல உங்க கையெழுத்து இல்லை."

உள்ளேயிருந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கிழவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்து மடியில் வைத்தார்.

"இல்லதான். என்னைக் கேட்டான். மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"அப்பன் மூஞ்சியைக் காணோமே. நடராசன் எங்கேடான்னேன். 'அதைக் கேக்காதே ஜெய்னு'ன்னான். கேக்காம போட்டா அது என்ன சாட்சி? ஊரான் புள்ளைக்கு ஒரு நியாயம், உன் வீட்டுப் புள்ளைக்கு ஒரு நியாயமான்னு நான் ஒரு வார்த்தை அதிகமாச் சொல்லிப்பிட்டேன். கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, வேட்டி துண்டோட போனான் மேரிக்கு. எட்டு மாசம் பேச்சில்லை. அடுத்தடுத்த கடை, நினைச்சுப் பாரு. பெருநாளன்னைக்கு அவனே வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை நானும் எடுக்கலை, அவனும் எடுக்கலை."

கோட்டில்லாமல் போனாராம். அந்தச் செய்தி அவளுக்கு வேறெதையும்விடக் கனமாக இருந்தது.

"அன்னைக்கு அப்பாவுக்குக் காய்ச்சலாம்."

"காய்ச்சலா?" மரைக்காயர் தாடியைத் தடவினார். "அல்லா அறிவான். காய்ச்சக்காரன் அரசலாத்துக் கரையில ஒத்தையா நடந்துக்கிட்டு இருந்ததை நான் பாத்தேன்." உடனே, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போலக் கையை உதறினார். "போம்மா. உன்னைப் பெத்தவளைக் கேளு. மௌத்தாப் போன மனுசனைப் பத்தி நல்லதை மட்டும் சொல்லுங்கன்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. என் வாயைக் கிளறாதே."

பெற்றவள் என்று அவர் அழுத்திச் சொன்னாரா, சாதாரணமாகத்தான் சொன்னாரா? வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தேகம் வந்துவிட்டால் நல்ல சொல்லும் நிழல் விழுந்து தெரிகிறது.

*

மூன்று மணிக்குச் சொர்ணாம்பாள் படத்துக்கான மாலையை வாழை இலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். திரிபுரசுந்தரி கதவைச் சாத்திவிட்டு, தாளை அம்மாவின் முன்னால் வைத்தாள். சொர்ணாம்பாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அது என்ன தாள் என்று கேட்கவில்லை.

"எங்கம்மா பொறந்தேன் நான்?"

"இது என்ன கேள்வி, கிளம்புற நேரத்துல."

"நடு அறையிலன்னு நீ சொன்னே. பூவம்னு இதுல இருக்கு. அப்பாவுக்குக் காய்ச்சல்னு அப்பா சொல்றாரு. ஆத்தங்கரையில நின்னாருன்னு மரைக்காயர் தாத்தா சொல்றாரு. தாத்தா கோட்டைக் கழட்டிட்டுப் போனாராம். யார்கிட்டயாவது ஒரு நிசம் இருக்கா?"

சொர்ணாம்பாள் வாழை நாரை முடிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். பிறகு எழுந்து சென்று கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து அமர்ந்தாள்.

"எங்கம்மா வீட்டுலதான் பொறந்தே. தரங்கம்பாடியில. எல்லாரையும் போல."

"அப்புறம் ஏன் மறைச்சீங்க?"

"உங்க தாத்தாவுக்காகத்தான். அவர் ஏன் கடைசி வரைக்கும் மேரி வாசல்லயே நின்னாரு, உள்ளே ஒரு எழுத்தர் வேலைகூடக் கிடைக்காம? பிரெஞ்சு படிச்சவரு, கையெழுத்து முத்து மாதிரி. ஆனா அவர் பொறந்தது அவங்கம்மா ஊர்ல, எல்லைக்கு அந்தாண்ட. இங்கே பதிவே கிடையாது. மூணு தடவை மனு போட்டாரு. மூணு தடவையும், உனக்குப் பொறந்த தாள் எங்கேன்னு திருப்பிட்டாங்க. வழக்கம்னு நாம தாய்வீட்டுக்கு அனுப்புறோம், புள்ளைங்க அந்தாண்ட பொறந்து இந்தாண்ட அனாதையா நிக்குதுங்கன்னு அடிக்கடி சொல்லுவாரு. நீ பொறந்த சேதி கேட்டதும் ரெண்டாம் நாளே வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாரு."

சொர்ணாம்பாள் மாலைப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"என்னையும் உன்னையும் ஏத்திக்கிட்டு எல்லையைத் தாண்டிப் பூவத்துல நிறுத்தினாரு. அங்கே காசியம்மான்னு ஒரு மருத்துவச்சி. அவ வீட்டுல இறங்கினோம். உன்னைக் குளிப்பாட்டிவிட்டா. எனக்குச் சுக்குக் கஷாயம் வச்சு, ஊதி ஊதி அவ கையாலேயே கொடுத்தா. பிரசவம் இங்கேதான் நடந்துச்சுன்னு யாராவது வந்து கேட்டா ஆமான்னு சொல்லும்மான்னு உங்க தாத்தா அவகிட்டச் சொன்னாரு. அவ்வளவுதான் கதை. உங்கப்பாவுக்கு அது புடிக்கலை. பொய்யாப் பதிய நான் வரமாட்டேன்னு ஆத்தங்கரையில போய் உக்காந்துக்கிட்டாரு."

"ரெண்டு நாள் பச்சை உடம்போட மாட்டு வண்டியிலயா வந்தே?"

"வந்தேனே."

"ஆறு பெருகியிருந்துச்சுன்னியே?"

"அதுக்குள்ள வடிஞ்சிடுச்சு." சொர்ணாம்பாள் மகளின் முகவாயைப் பிடித்தாள். "என்னடி பாக்குறே? மூக்கைப் பாரு கண்ணாடியில. அது யாரு மூக்கு? உங்க தாத்தா மூக்கை அப்படியே பேத்து ஒட்டின மாதிரி இருக்கு. இதுக்குமேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

திரிபுரசுந்தரி சிரித்துவிட்டாள். பத்து நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கூடவே கண்ணும் கலங்கியது. எல்லாம் பொருந்தியது. அப்பாவின் ஆற்றங்கரை பொருந்தியது. மரைக்காயரின் மறுப்பு பொருந்தியது. தாத்தா கோட்டைக் கழற்றியதும் இப்போது புரிந்தது. பொய் சொல்லப் போகும்போது அந்தக் கோட்டை அணிய அவருக்கு மனம் வரவில்லை. பேத்திக்காக வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்ன கிழவரை நினைக்கையில் அவளுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது.

பென்சிலை எடுத்து உட்கார்ந்தாள். மூன்று பக்கத்திலும் 'பெரியவர்' என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து, மேலே 'எங்கள் தாத்தா' என்று எழுதினாள். பதினோரு இடம்.

"சோறு போடும்மா," என்றாள் பிறகு. "பசிக்குது."

*

வாசகசாலையில் இடம் போதவில்லை. விழிதியூரிலிருந்தும் பூவத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் வெளியே புங்கமரத்தடியில் நின்றார்கள். பட்டினவர் தெருவிலிருந்து வந்திருந்த ஒருவர், "எம்மவனுக்குச் சாட்சி அவுங்க, எம்மவளுக்குச் சாட்சி அவுங்க, இப்போ பேரன் பொறந்திருக்கான், கையெழுத்துக்கு எங்கே போறது?" என்று யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மரைக்காயரை முதலில் பேச அழைத்தார்கள். அவர் மேடையில் ஏறி, மூடியிருந்த படத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

"எனக்குப் பேச வராது. தெச்சணா கையெழுத்துப் போட்ட புள்ளைங்க யார் யாரு இங்கே இருக்கீங்களோ, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. அது போதும் எனக்கு."

முதலில் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு நடுவில் ஒரு வரிசை முழுவதும் எழுந்தது. பெண்கள் பக்கம் கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்தாள். பத்து விநாடியில் பெஞ்சுகளெல்லாம் காலியாகிவிட்டன. நரைத்த தலைகள் சிலவும் நடராசனும் சொர்ணாம்பாளும் மட்டுமே அமர்ந்திருந்தார்கள்.

மேடையில் நாற்காலியில் இருந்த திரிபுரசுந்தரிக்கு எழுவதா, இருப்பதா என்று தெரியவில்லை. அவளுடைய தாளில் அந்தக் கையெழுத்து சாட்சி என்ற இடத்தில் இல்லையே. மரைக்காயர் அவள் பக்கம் பார்க்காமல் இறங்கிப் போனார். அவளும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாள்.

படம் திறக்கப்பட்டது. ஓவியர் கோட்டின் கறுப்பைச் சிறிது அதிகமாகவே பூசியிருந்தார். ஆனால் கண் அவருடைய கண்தான்.

திரிபுரசுந்தரி எழுந்து படித்தாள். "எங்கள் தாத்தா" என்று முதல் முறை சொன்னபோது குரல் தடுமாறியது. மூன்றாம் முறையில் நிமிர்ந்துவிட்டாள். காலரா ஆண்டில் அவர் மூன்று தெருவுக்குக் கொதிக்க வைத்த நீர் சுமந்ததையும், வாசகசாலைக்குத் தம் கடைக் கூரையைப் பிரித்து ஓடு கொடுத்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் தாமே நனைந்ததையும் படித்தாள். 'எங்கள் தாத்தா வாழ்நாளில் மெய்யல்லாத எதற்கும் சாட்சி சொன்னதில்லை' என்ற இடம் வந்தது. அம்மா சொன்னதைக் கேட்ட பிறகும் அதை அவள் அடிக்கவில்லை. அன்று அறிவிக்கத்தான் செய்தார், சாட்சி சொல்லவில்லையே என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு படித்து முடித்தாள். முன்வரிசையில் நடராசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, வியர்வையா என்று பார்க்க அவள் அன்று விரும்பவில்லை.

கூட்டம் கலைந்து, சுண்டல் வழங்கிக்கொண்டிருந்தார்கள். மாலை வெயில் இன்னும் புங்கமரத்தில் இருந்தது. மேடையிலிருந்து இறங்கிய அவளுடைய கையை ஒரு கிழவி பிடித்தாள். வற்றிய உடம்பு. பிடி மட்டும் பலமாக இருந்தது.

"நீதானா அந்தப் புள்ளை? படிச்சியே இப்போ, பேத்தின்னு?"

"ஆமாம் ஆயா."

"ராசாத்தி மாதிரி வளர்ந்துட்டே. நான் யாருன்னு தெரியுமா? பூவம் காசியம்மா. ஒன்னைக் கையில வாங்கினவ நான்தான்."

திரிபுரசுந்தரிக்கு மனம் குளிர்ந்தது. அம்மா சொன்ன கதையிலிருந்தே ஒருத்தி எழுந்து வந்து நிற்கிறாள்.

"தெரியும் ஆயா. அம்மா சொன்னாங்க. நீங்கதான் என்னைக் குளிப்பாட்டி விட்டீங்களாம்."

"குளிப்பாட்டாம? கொடி அறுத்தவதானே குளிப்பாட்டணும்? பேய் மழை அன்னைக்கு. தலை திரும்பலை, ராவெல்லாம் போராட்டம். சாட்சி ஐயா வாசல்ல குடையைப் புடிச்சிக்கிட்டு விடியுமட்டும் நின்ன எடத்துல நின்னாங்க. ஒன் அழுகைச் சத்தம் கேட்டப்புறம்தான் உக்காந்தாங்க, அந்தச் சேத்துலயே."

திரிபுரசுந்தரி கிழவியின் பக்கம் குனிந்தாள்.

"என்ன ஆயா சொல்றீங்க? நான் தரங்கம்பாடியில பொறந்து, ரெண்டு நாள் கழிச்சில்ல உங்க வீட்டுக்கு வந்தேன்?"

"யாரு சொன்னா?" காசியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எடுக்காத புள்ளைக்கு எடுத்தேன்னு சொல்றவளா நான்? பூவத்துல எந்த வீட்டுல வேணும்னாலும் கேட்டுப் பாரு. சாட்சி ஐயாதான் அப்படிச் சொல்லச் சொல்ற மனுசனா? அவுங்க எழுதினதுல ஒரு எழுத்து தப்பு இருக்குமா?"

பிறந்த இடம், பூவம். அந்தத் தாளில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன்னே வந்து நின்றன. அது பொய் என்று நம்பிய பிறகுதான் இன்று அவளுக்குச் சோறு இறங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சொர்ணாம்பாள் வந்தாள். மகளின் குரல் நன்றாக இருந்தது என்று யாரோ சொன்ன மகிழ்ச்சி அவள் முகத்தில் இன்னும் இருந்தது. கிழவி மகளின் கையைப் பிடித்திருப்பதைக் கண்டு, வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதையோடு கைகூப்பினாள்.

"வாங்க பெரியம்மா, சுண்டல் வாங்கிட்டீங்களா?" என்றவள், மகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "யாருடி இவங்க? எந்த ஊரு?"

காசியம்மா கண்ணுக்கு மேலே கையை வைத்து, சொர்ணாம்பாளைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவளும் திரிபுரசுந்தரியிடமே கேட்டாள்.

"இந்தம்மா யாரு தாயி? ஒங்க சொந்தமா?"

இருவரும் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.